பள்ளி விடுமுறைக்கு முன் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்: சூராட் பெரானாக் தொடங்கி விமானம் ஏறும் வரை

மலேசியாவில் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுப்பது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. காலையில் இமிகிரேசன் (குடிநுழைவு இலாகா) கவுண்டரில் நம்பர் எடுத்தால், கூட்டம் இல்லாத நாளில் அன்றைக்கே புத்தகம் கைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் இழுப்பது பாஸ்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் காகிதங்கள்: சூராட் பெரானாக் எனும் பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழை, அப்பா பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெற்றிடம், பதிவு செய்யாத கல்யாணம், தொலைந்துபோன மைகிட் எனும் பிள்ளை அடையாள அட்டை. இவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் இமிகிரேசனுக்குக் கிடையாது. அதெல்லாம் தேசியப் பதிவு இலாகாவின், அதாவது ஜேபிஎன்னின் வேலை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது விமான டிக்கெட் விலையை அல்ல, வீட்டு அலமாரியில் இருக்கும் பிளாஸ்டிக் கோப்பை.

பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. இங்கிருந்து ஈப்போ ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். சம்பளம் நாள் கணக்கில் வரும் வீடுகளில், கவுண்டருக்கு இரண்டாம் முறை அலைவது என்றால் இன்னொரு நாள் கூலி போனது என்று அர்த்தம். முதல் தடவையிலேயே முடித்துவர என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் வேலை: சூராட் பெரானாக்கை வாசியுங்கள்

இருக்கிறதா என்று பார்த்து மூடிவைத்தால் போதாது. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும்.

பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் ஆகியவற்றைப் பெற்றோரின் மைகாட்டோடு (ஐசி எனும் அடையாள அட்டை) எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அம்மாவின் ஐசியில் 'லெட்சுமி', பிள்ளையின் சூராட்டில் 'லட்சுமி' என்று ஆங்கில எழுத்து ஒன்று மாறியிருப்பது நம் வீடுகளில் சாதாரணம். மருத்துவமனையில் யாரோ சொல்ல யாரோ எழுதியதன் விளைவு அது. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயர் ஜேபிஎன் பதிவில் உள்ளபடியேதான் அச்சாகும். பின்னால் டிக்கெட், விசா, பள்ளிப் பதிவு எல்லாம் அதன்படிதான் போகும். திருத்துவதாக இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு முன்னாலேயே திருத்துங்கள். பாஸ்போர்ட் எடுத்த பிறகு பெயர் மாறினால் அதையும் திரும்பப் புதிதாக எடுக்க வேண்டிவரும்.

அடுத்து மைகிட் எண்ணைப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்த பிள்ளைக்கு 08 இருக்கும். கடைசி இலக்கம் ஆண் பிள்ளைக்கு ஒற்றைப்படை, பெண் பிள்ளைக்கு இரட்டைப்படை. இதில் ஏதாவது இடித்தால் அப்போதே ஜேபிஎன்னுக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது, குடியுரிமை நிலை. சூராட்டில் பிள்ளை 'வார்கா நெகாரா' (குடிமகன்) என்று இருக்க வேண்டும். 'புக்கான் வார்கா நெகாரா' (குடிமகன் அல்ல) என்று இருந்தால் மலேசியப் பாஸ்போர்ட் கிடைக்காது. கவுண்டரில் எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள்

தோட்டப்புறத்தில் இன்னமும் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டு, பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்திருப்பார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் கல்யாணம் தெரியாது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள விதி. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது.

பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளையின் சூராட்டில், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் அப்பா பெயர் ஏறும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போவதில் அர்த்தமில்லை. பிள்ளைக்கு அவர் யார் என்று காட்ட அவரிடம் காகிதம் கிடையாது. அம்மாதான் போக வேண்டும்.

அம்மா மலேசியக் குடிமகளாக இருந்தால் விஷயம் இதோடு முடிந்தது; பிள்ளையும் குடிமகன்தான், பாஸ்போர்ட் கிடைக்கும். அம்மா வெளிநாட்டவராக இருந்து, பிள்ளை பிறந்த பிறகே கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தால்தான் பெரிய சிக்கல். திருமணப் பதிவுக்கு முன் பிறந்த பிள்ளை குடியுரிமையில் தாயைத்தான் பின்பற்றும் என்கிறது அரசியலமைப்பு. அப்பா நீல ஐசி வைத்திருக்கும் குடிமகன் என்பது அங்கே கைகொடுக்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு 15ஏ பிரிவின் கீழ் ஜேபிஎன்னில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் ஓடும். இந்த நிலையில் இருப்பவர்கள் பயணத்தைத் தேதி போட்டுத் திட்டமிடாதீர்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள். டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள் இந்த வகை வழக்குகளைத் தொடர்ந்து பார்த்து வருகின்றன. தனியாகப் பாரம் நிரப்புவதைவிட, தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

என்னென்ன எடுத்துக்கொண்டு போவது

பிள்ளை ஒவ்வொன்றுக்கும்:

- சூராட் பெரானாக் அசல், ஒரு போட்டோஸ்டேட் நகல்
- மைகிட்; 12 வயது முடிந்த பிள்ளைக்கு மைகாட்
- கூட வரும் அப்பா அல்லது அம்மாவின் மைகாட் அசல், நகல்
- புதுப்பிப்பதாக இருந்தால் பழைய பாஸ்போர்ட்

நகலைச் சுங்கை சிப்புட்டிலேயே எடுத்துவிடுங்கள். கவுண்டர் வரிசையில் நிற்கும்போது போட்டோஸ்டேட் கடை தேடி ஓடினால் நம்பர் தாண்டிப் போய்விடும். சூராட்டின் நகல் மங்கலாக வந்தால், குறிப்பாக மடித்து மடித்து நடுக்கோட்டில் எழுத்து தேய்ந்திருந்தால், இன்னொரு தடவை கொஞ்சம் அழுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள்.

12 வயது விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிள்ளைக்கு 12 முடிந்துவிட்டால் மைகிட்டை நீட்டி வேலை நடக்காது, மைகாட் வேண்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளையை ஆண்டிறுதி விடுமுறையில் அழைத்துப் போவதாக இருந்தால், பிறந்தநாள் கடந்ததும் முதலில் மைகாட், பிறகு பாஸ்போர்ட். ஈப்போ யூடிசி எனும் அரசுச் சேவை மையத்தில் ஜேபிஎன்னும் இமிகிரேசனும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் ஒரு பயணத்தில் இரண்டையும் தொடங்கிவிடலாம்.

பிள்ளை நேரில் வந்தாக வேண்டும், கைக்குழந்தையாக இருந்தாலும். மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று பேரும். மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இளையவர்களோடு போனால் மூத்தவனுக்காக இன்னொரு நாள் போக வேண்டும். அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து போக வேண்டிய அவசியமில்லை, ஒருவர் போதும். வேலைக்கு லீவு போடுவது யாருக்குக் குறைந்த நஷ்டமோ அவர் போகட்டும்.

பாட்டி தாத்தாவிடம் வளரும் பிள்ளைகள் தோட்டத்தில் ஏராளம். பாட்டி அழைத்துப் போனால் பாசத்துக்கு மரியாதை உண்டு, பாஸ்போர்ட் உண்டா என்பது காகிதத்தைப் பொறுத்தது. பெற்றோரில் ஒருவர் வர முடிந்தால் அவரே வருவதுதான் சுருக்கமான வழி. முடியாதென்றால் பாதுகாவலர் என்பதற்கான நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். தத்துப்பிள்ளை என்றால் தத்துப் பத்திரம். மணவிலக்கு ஆனவர்கள் யார் பொறுப்பில் பிள்ளை என்று சொல்லும் நீதிமன்ற உத்தரவு. பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புப் பத்திரம். கேட்கமாட்டார்கள் என்று நினைத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கட்டணம்

12 வயதும் அதற்குக் கீழும் 100 வெள்ளி (ரிங்கிட்). 13 வயதிலிருந்து 200 வெள்ளி. ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை உள்ள பிள்ளைக்கு இலவசம். அட்டை அசலாக இருக்க வேண்டும். செல்லுபடியாகும் காலம் ஐந்து ஆண்டு. பதின்மூன்றாவது பிறந்தநாள் நெருங்கும் பிள்ளை இருந்தால் அதற்கு முன் போய்விடுங்கள். ஒரு வாரத் தாமதத்தில் 100 வெள்ளி போகும். கூடவே வரும் பாட்டி தாத்தாவுக்கு 60 வயது ஆகியிருந்தால் அவர்களுக்கும் 100 வெள்ளிதான். ரொக்கம், வங்கி அட்டை இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுதான் செலவு. "ஏஜெண்ட் மூலம் சீக்கிரம் எடுத்துத் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் காசு வீண். அவர் பிள்ளையின் முகத்தைக் கேமரா முன் கொண்டுபோய் வைக்க முடியாது. இணையத்தில் பணம் கட்டச் சொல்லும் எந்தப் பக்கமும் '.ஜிஓவி.எம்ஒய்' என்று முடியவில்லை என்றால் அங்கே ஐசி எண்ணைத் தட்டாதீர்கள்.

எந்த நாள், எந்த அலுவலகம்

நாட்டின் எந்த இமிகிரேசன் அலுவலகத்திலும் பாஸ்போர்ட் எடுக்கலாம். ஐசியில் உள்ள முகவரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈப்போவில் கூட்டம் என்றால் தைப்பிங் போகலாம். பினாங்கில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கேயும் முடிக்கலாம். கெடா எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. தோட்டத்தில் ஞாயிறு மட்டுமே ஓய்வு கிடைக்கும் ஆட்கள், ஒரு நாள் கூலியை இழக்காமல் ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணி அலுவலகத்தில் வேலையை முடித்துவிடலாம். பொது விடுமுறையா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்திலும் கவுண்டர் நிரம்பி வழியும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு, சாதாரண வாரத்தின் நடுவில் போனால் நிம்மதி. திங்கட்கிழமையைத் தவிருங்கள். கதவு திறப்பதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். மத்தியானம் போய் நம்பர் தீர்ந்துவிட்டது என்று திரும்பி வருபவர்கள் தினமும் உண்டு.

படம் எடுக்கும்போது

கவுண்டரிலேயே கேமராவில் எடுப்பார்கள், பின்புறம் வெள்ளை. ஆகவே வெள்ளைச் சட்டை வேண்டாம். பள்ளியிலிருந்து நேராக அழைத்துவரப்படும் பிள்ளையின் சீருடைச் சட்டை வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோய், தலை மட்டும் காற்றில் மிதப்பது போல வரும். கருநீலம், கரும்பச்சை, மெரூன் போன்ற அடர்ந்த நிறம், தோளை மூடும் சட்டை. கை இல்லாத கவுன் வேண்டாம்.

பெண் பிள்ளைக்கு முன்முடி புருவத்தை மறைக்காமல் பின்னால் வாரிக் கட்டுங்கள். தலை நிறையப் பூவும் பெரிய கிளிப்பும் அன்றைக்கு வேண்டாம். நெற்றி நிறையத் திருநீறு இட்டு அனுப்புவதை ஒரு நாள் தள்ளிவைத்தால் மறுபடி எடுக்கும் வேலை மிச்சம். மூக்குக்கண்ணாடி போடும் பிள்ளை கழற்றத் தயாராக இருக்கட்டும்.

கைக்குழந்தை கேமராவைப் பார்க்காது. அதற்கு வெளியிலேயே படம் எடுத்துக் கொண்டுபோய்விடுவது உத்தமம்: 35-க்கு 50 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, அடர்ந்த நிறச் சட்டை, இரண்டு பிரதி. படக்கடைக்காரரிடம் குழந்தைப் பாஸ்போர்ட் படம் என்று சொல்லுங்கள். குழந்தையை வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பதுதான் எளிது. கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருக்கும் அம்மாவின் விரல் ஓரத்தில் தெரியக்கூடாது. கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிட்டு எடுங்கள். குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்த நேரத்தைப் பார்த்துக் கடைக்குப் போவது புத்திசாலித்தனம். பசியில் இருக்கும் குழந்தையை எந்தப் படக்காரராலும் வாய்மூட வைக்க முடியாது.

கவுண்டரில் நடப்பது

நம்பர் எடுத்து, காகிதம் காட்டி, படம் எடுத்து, பணம் கட்டி, ரசீது வாங்குவீர்கள். ரசீதில் எப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். காத்திருக்கும் நேரத்துக்குப் பிஸ்கட், தண்ணீர், மாற்று உடை இருந்தால் நல்லது.

புத்தகம் கையில் வந்ததும் அங்கேயே நின்று படத்துள்ள பக்கத்தைப் பாருங்கள். பெயர், மைகிட் எண், பிறந்த தேதி, பாலினம், முடியும் தேதி ஆகியவற்றைச் சூராட்டோடு ஒப்பிடுங்கள். கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் சொன்னால் உடனே பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்தால் மறுபடி ஈப்போவுக்குப் பயணம்.

உலகிலேயே முதலில், 1998-இல், சில்லு பதித்த பாஸ்போர்ட்டை வெளியிட்ட நாடு நம்முடையது. அந்தச் சில்லு மடித்தாலும் ஊசி குத்தினாலும் கெட்டுப்போகும். ரசீதை ஸ்டேப்ளர் போட்டு இணைக்காதீர்கள். சின்னப் பிள்ளை கையில் பேனாவோடு அதை விட்டுவைக்காதீர்கள். கிறுக்கிய பாஸ்போர்ட் சேதமடைந்த பாஸ்போர்ட்தான்.

டிக்கெட்டில் 'ஏ/எல்', 'ஏ/பி' சிக்கல்

நம் பெயரில் அப்பா பெயருக்கு முன் வரும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்பதில் உள்ள சாய்கோட்டை விமான நிறுவனங்களின் படிவம் ஏற்காது. சிலர் அந்த இரண்டெழுத்தையும் விட்டுவிட்டுப் பதிவார்கள், சிலர் கோடில்லாமல் சேர்த்தெழுதுவார்கள். நீங்கள் போகும் நிறுவனம் எதைச் சொல்கிறதோ அதைப் படித்துவிட்டு, வீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். அப்பாவுக்குச் சேர்த்தும் பிள்ளைக்கு விட்டும் எழுதினால்தான் கவுண்டரில் கேள்வி வரும். இன்னொன்று, சுருக்கப் பெயர், வீட்டுப் பெயர் வேண்டாம். 'கவிதா' என்று கூப்பிடும் பிள்ளையின் சூராட்டில் 'கவிதா தேவி' என்று இருந்தால் டிக்கெட்டிலும் இரண்டும் வர வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்களில் பாஸ்போர்ட் எண்ணைப் பின்னால் சேர்க்கலாம். மலிவு டிக்கெட் விற்பனை வந்துவிட்டதென்று பாஸ்போர்ட்டுக்கு முன்னரே டிக்கெட் எடுப்பவர்கள் சூராட்டைப் பார்த்துப் பெயரை எழுதினால் தப்பு வராது.

பழைய பாஸ்போர்ட் இருக்கிறதே?

இருந்தாலும் முடியும் தேதியைப் பாருங்கள். தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தோனேசியா, இந்தியா எங்கே போனாலும் ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும். டிசம்பரில் பயணம், அடுத்த ஏப்ரலில் பாஸ்போர்ட் முடிகிறது என்றால் அதை வைத்துப் போக முடியாது. விமான நிறுவனமே ஏற்றாது. இரண்டு வயதில் எடுத்த படத்தோடு ஏழு வயதுப் பிள்ளை நிற்கும்போது அதிகாரி இரண்டு முறை ஏறிட்டுப் பார்ப்பது சகஜம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, மைகிட்டைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள்: இந்திய விசா

திருச்சி, சென்னை போகும் குடும்பத்தில் பிள்ளைக்கும் தனி விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் கூட. பெரியவர் விசாவில் சேர்ந்து போகும் வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும்.

இந்திய அரசின் ஈ-விசா பக்கத்தில் முப்பது நாள் சுற்றுலா விசாவுக்குப் போய்ச் சேரும் தேதிக்கு 30 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது நான்கு நாள் முன்பாவது அனுப்பியிருக்க வேண்டும். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். படம் சதுரமாக, ஜேபெக் கோப்பாக, 10 கேபியிலிருந்து 1 எம்பிக்குள். பாஸ்போர்ட்டின் படப் பக்கம் பிடிஎஃப் ஆக, 10 முதல் 300 கேபிக்குள். விண்ணப்பங்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கைப்பேசியில் எடுத்த படம் பல எம்பி இருக்கும், பக்கம் அதை வாங்காது. தெரியாதவர்கள் பட்டணத்துச் சைபர் கடையில் அளவைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம்.

படிவம் கேட்கும் விவரங்களை முன்பே ஒரு தாளில் எழுதிவைத்தால் பாதியில் நேரம் முடிந்து திரும்பத் தொடங்கும் தொல்லை இல்லை: அப்பா, அம்மா பிறந்த ஊர், தேசிய அடையாள எண் என்ற கட்டத்துக்கு மைகிட் எண், இந்தியாவில் தொடர்பு கொள்ளக்கூடியவரின் பெயர், முகவரி, தொலைபேசி. "ஊர்ல மாமா வீடு" என்றால் போதாது. மாவட்டத்தோடு முழு முகவரி வேண்டும். அனுமதி வந்ததும் ஆளுக்கொரு தாள் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் விசாவுக்கு முன் செய்யுங்கள், ஏனென்றால் விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது.

சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் விசா வேண்டாம். ஆனால் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், பிள்ளைகள் பெயரையும் சேர்த்து. இரண்டுமே இலவசம், காசு கேட்கும் பக்கம் போலி.

கிளம்புவதற்கு முன் பெரியவர்களைப் பாருங்கள்

பிள்ளைகள் காகிதம் எல்லாம் சரியாக இருக்க, அப்பா விமான நிலையத்தில் தடுக்கப்படும் கதையும் நடக்கிறது. வருமான வரிப் பாக்கி போன்ற காரணங்களுக்காகப் பயணத் தடை இருக்கலாம். பயணத் தடையைச் சரிபார்க்கும் இமிகிரேசனின் எஸ்எஸ்பிஐ இணையப் பக்கத்தில் ஐசி எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு பாருங்கள், அடைத்துத் தீர்க்க அவகாசம் இருக்கும்.

பெற்றோரில் ஒருவர் மட்டும், அல்லது பாட்டியோ சித்தப்பாவோ அழைத்துப் போனால், வராத பெற்றோரிடமிருந்து சம்மதக் கடிதம் ஒன்று எழுதி வாங்குங்கள். பிள்ளையின் பெயர், பாஸ்போர்ட் எண், போகும் நாடு, தேதி, அழைத்துப்போகிறவரின் ஐசி எண், எழுதியவரின் தொலைபேசி எல்லாம் அதில் இருக்கட்டும். சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கி, சூராட் பெரானாக் நகலையும் கடிதம் எழுதியவரின் ஐசி நகலையும் சேர்த்து வையுங்கள். எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்கும் இடத்தில் இல்லாவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாப் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும் கைப்பேசியில் ஒன்று, தாளில் ஒன்று என்று நகல் எடுத்து, அசல் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். தமிழ்நாட்டில் பிள்ளையின் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல் நிலையத்தில் புகார். அந்தத் தாளோடு சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போனால் நாடு திரும்ப அவசரப் பயணப் பத்திரம் தருவார்கள். அதோடு முடியாது. இந்தியாவை விட்டு வெளியேற அந்நாட்டு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்; அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விசா நகல் கையில் இருந்தால் அந்த வேலை சுருங்கும். திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டிவரலாம் என்பதால், தொலைந்த அன்றைக்கே விமான நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.